பாவடியில் என் பெயர் வெட்டிய கல்

என் பெயரை முதன்முதலில் கல்லில் பார்த்தது நகராட்சி ஆபீஸில், கழிப்பறைக்குப் போகும் வழியில்.

நடைக்கூடம் முழுக்கப் பினாயில் வாடை. சுவரோரமாகப் பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு கருப்பு கிரானைட் பலகை சாய்த்து வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் தாள் கிழிந்திருந்தது. கிழிசலுக்குள் தங்கக் கலரில் "கு. பவித்ரா, எம்.ஏ.," என்று தெரிந்தது.

கல்லில் எழுத்தைக் கண்டால் மண்டிபோட்டுப் படிக்கிற வியாதி எனக்கு உண்டு என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு: நான் முன்னாள் நிருபர், இந்நாள் வார்டு கவுன்சிலர், வார இறுதியில் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய்ப் பழைய கல்வெட்டுகளைப் போட்டோ எடுக்கிற அரைவேக்காட்டு வரலாற்றாளர். எங்கள் ஊர் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதினால் ஆசிரியருக்கு நோட்டீஸ் வரும் என்பதால் அவ்வளவு போதும்.

மண்டிபோட்டேன். தாளை முழுசாக உரித்தேன்.

"பாவடி வணிக வளாகம் மற்றும் வாகன நிறுத்துமிடம், அடிக்கல் நாட்டு விழா" என்று மேலே இருந்தது. அதற்குக் கீழே நகர்மன்றத் தலைவர் பெயர், பூசணிக்காய் சைஸ் எழுத்தில். அப்புறம் துணைத் தலைவர். கடைசியில் "முன்னிலை" என்று போட்டு, அதற்கடியில் நான். என் பெயருக்கும் கீழே, தேதி வெட்டுவதற்காகக் கொஞ்சம் இடம் வெறுமையாக விட்டிருந்தார்கள்.

பாவடி என்பது என் வார்டில், எங்கள் தெருவுக்கு நடுவில் இருக்கிற பொது மைதானம். அதில் கட்டடம் கட்டுவது பற்றி நகர்மன்றத்தில் அதுவரை யாரும் மூச்சு விட்டதில்லை. கூட்டமே அடுத்த வாரம்தான். தீர்மானம் இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் கல் வந்துவிட்டது. யாருடைய மைதானத்தைப் பிடுங்குகிறார்களோ அவளையே சாட்சியாக நிற்கவைத்திருக்கிறார்கள். அதிலும் எம்.ஏ. போட மறக்கவில்லை. என் பட்டத்துக்கு இந்த ஊரில் யாராவது மரியாதை கொடுத்தது அன்றைக்குத்தான்.

கழிப்பறைக்குப் போகவில்லை. வண்டியை எடுத்தேன்.

நன்றியுரையும் சாபமும்

கோபம் எனக்குப் புதிதில்லை. அதை வைத்துப் பிழைக்கலாம் என்று நினைத்துத்தான் காலேஜ் முடித்ததும் சேலத்தில் ஒரு நாளிதழில் சேர்ந்தேன்.

செம அடி. எடப்பாடிப் பக்கம் தறிக்காரர்களின் கூலித் தகராறு என்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தால் நாலு வரி வரும். சாயத் தண்ணீர் கலந்த ஏரியைப் பற்றி எழுதினால் அந்த நாலு வரியும் வராது, அங்கே நகைக்கடை விளம்பரம் சிரித்துக்கொண்டிருக்கும். நான் எழுதியதில் வெட்டுப்படாமல் முழுசாக வந்தவை திறப்பு விழாச் செய்திகள் மட்டும்தான். தலைமை யார், முன்னிலை யார், வரவேற்றவர் யார், நன்றி கூறியவர் யார். ஒரு பெயர் விட்டுப்போனால் ஆபீஸுக்கு ஆளே வந்து நிற்பார்கள். ஒரு ஏரி விட்டுப்போனால் யாரும் வரமாட்டார்கள்.

ஒருமுறை சின்ன வெங்காய விலை பற்றி எழுத எருமப்பட்டிப் பக்கம் போயிருந்தேன். ஒரு தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல். சோப்பு நுரைக்குக் கீழே எழுத்து. துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கெஞ்சித் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பார்த்தேன். பாதி புரியவில்லை. அப்புறம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். யாரோ ஒரு குளத்தை ஊருக்கு எழுதிவைத்திருக்கிறார்கள். கடைசி வரியில், இந்தத் தர்மத்துக்குக் கெடுதல் செய்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று இருந்தது.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் காலத்து ஆள் நன்றியுரையோடு முடிக்கவில்லை, சாபத்தோடு முடித்திருக்கிறான். இப்படி முடிகிற கல் தமிழ்நாடு முழுக்கக் கிடக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்தது. பின்னால் வரப்போகிறவன் எப்படிப்பட்டவன் என்று முன்னால் இருந்தவனுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. நான் வரலாற்றில் விழுந்தது பெருமைக்காக இல்லை. எனக்கு முன்னாலேயே ஒருத்தன் இவ்வளவு கோபப்பட்டிருக்கிறான் என்ற ஆறுதலுக்காக.

அதற்கப்புறம் வேலையை விட்டேன். எங்கள் தெருச் சாக்கடை மழைக்கு மழை வீட்டுக்குள் வந்தது. சுயேச்சையாக நின்றேன். "உனக்கு வாயிதான் ஜாஸ்தி, ஓட்டு உழுகுமான்னு தெரீல" என்றார் அம்மா. வாய்க்குத்தான் ஓட்டு விழுந்தது.

காலியிடம் என்று யார் சொன்னது

பாவடி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தறிக்காரர்கள் இருக்கிற ஊர்களில் தெருவுக்கு நடுவே நீளமாக ஒரு மைதானம் விட்டிருப்பார்கள். பாவு நூலை அந்த நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காயவைத்துச் சுருட்டுவதற்கு. இழுத்துக் கட்ட இரண்டு முனையிலும் ஆள் இடுப்பு உயரத்துக்குக் கல் நட்டிருக்கும்.

உடனே கைத்தறிக்காகக் கண்ணீர் விடத் தயாராகாதீர்கள். அந்தக் கண்ணீர் எனக்கு அலர்ஜி. எங்கள் தெருவில் இப்போது முக்கால்வாசி விசைத்தறி. பாவு ரெடிமேடாக மில்லிலிருந்து வந்து இறங்குகிறது. பாவடியில் பாவு போடுகிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். எனக்கே தறியில் உட்காரத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை.

நான் பேசுவது இடத்தைப் பற்றி. எங்கள் வீடுகளின் அகலம் ஒரு லாரி அகலம்தான். அதில் பாதியைத் தறி தின்றுவிடும். கல்யாணத்துக்குப் பந்தி, பாவடியில். காதுகுத்துக்குக் கறிச் சமையல், பாவடியில். ஆள் செத்தால் கிடத்தி வைக்கவும், அழவும், அழுது முடித்து டீ குடிக்கவும் பாவடிதான். என் அப்பாவை அங்கேதான் கிடத்தியிருந்தோம். அடுத்த நாளே அதே இடத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், அம்மா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அதை எடுத்துவிட்டால் எங்கள் பிணங்களை எங்கே வைப்பது, வாகன நிறுத்துமிடத்தில் டோக்கன் போட்டா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீட்டியிருக்கிற பாவை எங்கள் பக்கம் யாரும் தாண்டமாட்டார்கள். அடியில் குனிந்து நுழையவும் கூடாது. அவசரமென்றால் தெருவைச் சுற்றித்தான் போக வேண்டும். சாராயம் குடித்தவன்கூட பாவைக் கண்டால் நின்று, யோசித்து, சுற்றிக்கொண்டு போவான். சட்டமெல்லாம் இல்லை. தாண்டக்கூடாது, அவ்வளவுதான்.

ஒறம்பரை வந்தார்கள்

அன்றைக்கு வண்டியை நேராகப் பாவடிக்கு விட்டேன். கற்களைக் காணோம். மொத்த மைதானமும் பல் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. இரண்டு நாளாக நான் கவனிக்கவில்லையா, இரண்டு வாரமாகவா என்றுகூடத் தெரியவில்லை. தேர்தலுக்கப்புறம் நான் குடியிருந்தது தெருவில் இல்லை, நகராட்சி ஆபீஸ் வாசலில்.

சித்தன் மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். அவர்தான் எங்கள் தெருவின் பெரியதனக்காரர். கோயில் நோம்பித் திருவிழாவுக்கு நாள் குறிப்பதிலிருந்து கல்யாணத் தகராறு வரைக்கும் அவர் சொல்தான்.

"மாமா, பாவுக்கல்லெல்லாம் எங்க?"

"வா கண்ணு. டீ குடிக்கறயா?"

"கல்லு எங்க மாமா?"

"கோயல் பொறவால அடுக்கியிருக்குது. ஒண்ணுகூட ஒடையல. நேக்காப் புடுங்குனோம்."

"எதுக்குப் புடுங்குனீங்க?"

"சர்வே ஆபீசருங்க வந்தாங்க. நீ அன்னைக்கு சேலம் போயிருந்த. காரு உள்ள வரோணுமில்ல கண்ணு. நடுவால கல்லு நின்னா எப்புடி வாரது? எறங்கற எடத்துல கால்ல இடிச்சுக்கிட்டா நம்மளுக்குத்தான கெட்ட பேரு."

"எதுக்கு வந்திருக்கோம்னு சொன்னாங்களா?"

மாமா என்னைப் பார்த்த பார்வையில் உண்மையான அதிர்ச்சி இருந்தது. "ஏங் கண்ணு, ஊட்டுக்கு வந்த ஒறம்பரையப் போயி ஏன் வந்தீங்கன்னு கேப்பாங்களா?"

ஒறம்பரை என்றால் எங்கள் பேச்சில் விருந்தாளி. அளக்க வந்தவனையும் இவர்கள் விருந்தாளி ஆக்கிவிட்டார்கள். மைதானத்தைக் கூட்டிச் சாணி தெளித்திருக்கிறார்கள். சாமியானா போட்டு, மசால் போண்டா வாங்கி வைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் போட்டோ எடுத்தபோது தெருவே வரிசையில் நின்று சிரித்திருக்கிறது. உலகத்திலேயே தன் இடம் தன்னுடையது என்பதற்கான சாட்சியைத் தானே பிடுங்கி, ஓரமாக அடுக்கி, எதிராளிக்கு போண்டாவும் கொடுத்து அனுப்புகிற கூட்டம் எங்கள் கூட்டமாகத்தான் இருக்கும்.

அங்கேயே நின்று சர்வேயருக்குப் போன் போட்டேன்.

"சொல்லுங்க மேடம். உங்க ஊருல நல்ல உபசாரமுங்க. அந்த போண்டா எந்தக் கடைங்க?"

"பாவடிய என்னன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"காலியிடம், பயன்பாடு இல்ல, ஆட்சேபணை இல்லன்னு எழுதியிருக்கேனுங்க. பாத்ததத்தானுங்க மேடம் எழுதோணும். அங்க மண்ணுதானுங்க இருந்துச்சு."

"கல்லெல்லாம் உங்களுக்காகத்தான் புடுங்கியிருக்காங்க."

"அது எனக்குத் தெரியாதுங்களே."

"சரி, நாளைக்கே திரும்ப நட்டுடறோம். வந்து பாத்துட்டு மாத்தி எழுதுங்க."

"அய்யய்யோ, அப்புடிப் பண்ணீராதீங்க மேடம். ரிப்போர்ட்டு போயிருச்சு. இப்ப நட்டா அது ஆக்கிரமிப்புங்க."

பிடுங்கினால் உபசாரம், நட்டால் ஆக்கிரமிப்பு. போனைத் தூக்கி எறியலாம் என்று கை போனது. இ.எம்.ஐ. நினைவுக்கு வந்து பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மாமாவிடம் கத்தினேன். தெரு வேடிக்கை பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "செரி, டீ ஆறுது, குடி" என்றார்.

ஆல் பாஸ்

எங்கள் நகர்மன்றக் கூட்டத்தை நீங்கள் ஒரு தடவை பார்க்க வேண்டும். பொருள்களை யாரும் படிப்பதில்லை. எண்களை மட்டும் ஒருவர் வரிசையாக வாசிப்பார், லாட்டரி முடிவு மாதிரி. வாசித்து முடித்ததும் தலைவர் "ஆல் பாஸ்" என்பார். எல்லோரும் மேஜையைத் தட்டுவார்கள். அடுத்த நிமிஷம் பின்பக்க ஹாலில் இலை விழும். அன்றைக்கு மேச்சேரி ஆட்டுக்கறி. வாசனை தீர்மானத்துக்கு முன்னாலேயே அவைக்கு வந்துவிட்டது.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்வெல் லாரிகள் வைத்திருக்கிறார். பிறந்தது எங்களுக்கு அடுத்த தெரு, அவருடைய அம்மாவும் இதே பாவடியில் பாவு போட்டவர்தான். யாரையும் ஒரு வார்த்தை மரியாதைக் குறைவாகப் பேசமாட்டார். அதுதான் பிரச்சினையே. திட்டினால் திருப்பித் திட்டலாம். கும்பிடுகிறவனை என்ன செய்வது?

எண்கள் வாசிக்கும்போது எழுந்தேன். "பாவடி பொருளை முழுசாப் படிங்க."

"படிச்சாச்சுன்னு வெச்சுக்கலாமுங்க அம்மிணி" என்றார் தலைவர்.

"படிக்காதத எப்படிங்க படிச்சாச்சுன்னு வெச்சுக்கறது? தீர்மானமே போடாம கல்லு எப்படி வந்துச்சு?"

"கல்லு வெட்டறவன் கல்யாண சீசன்ல பிசியாயிருவானுங்க. அதான் முன்கூட்டியே சொல்லி வெச்சது."

பின்வரிசையில் ஒரு உறுப்பினர், "கறி ஆறுதுங்க" என்றார். சிரிப்பு.

"அது காலியிடம் இல்ல. அங்கதான் எங்க தெரு பாவு போடுது, எழவு எடுக்குது, கல்யாணம் பண்ணுது. என் ஆட்சேபணையப் பதிவு பண்ணுங்க."

"பண்ணீரலாமுங்க. அதுக்கென்னுங்க. கோவப்படாதீங்க, சின்ன வயசு, பிபி வந்துரும்."

"அந்தக் கல்லுல என் பேரு இருக்கு. அத எடுங்க."

தலைவர் நிஜமாகவே வருத்தப்பட்ட முகத்தோடு கையைக் கூப்பினார். "அதெப்புடிங்க? உங்க வார்டு. உங்க பேரு இல்லாம நாங்க கல்லு நட்டா மரியாதயா இருக்குமுங்களா?"

அவையே தலையாட்டியது. ஆமாம், மரியாதையாக இருக்காதுதான். ஆல் பாஸ். தட்டு, தட்டு, தட்டு.

சாப்பிடாமல் வெளியே வந்தேன். நான் வேலை பார்த்த அதே நாளிதழில் மறுநாள் செய்தி வந்தது. பாவடியில் வணிக வளாகம் கட்டத் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியதாம். ஒருமனதாக. நான் என்ன அந்தக் கூட்டத்தில் நாற்காலியா? எண்ணிப் பார்த்தேன். நாலு வரி.

சரசு அத்தைக்குப் பாவு

அடிக்கல் விழா திங்கட்கிழமை காலையில் என்று முடிவானது. ராகு காலம் ஏழரைக்குத் தொடங்கும், அதற்குள் நல்ல நேரத்தில் முடித்துவிட வேண்டும். ஞாயிறு சாயங்காலமே மைதானத்தின் கோயில் பக்கக் கோடியில் மேடை போட்டாயிற்று. நகராட்சி வண்டி வந்து அந்தக் கல்லையும், தேதி இன்னும் வெட்டாமலே, மேடையோரம் சாய்த்துவிட்டுப் போனது.

நான் வாசற்படியில் உட்கார்ந்து, கோர்ட்டுக்குப் போவதென்றால் எந்த வக்கீலைப் பிடிப்பது என்று போனைத் தடவிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு சரசு அத்தை வந்து நின்றார். கைத்தறியை விடாதவர்களில் ஒருவர். கைத்தறியின் பெருமைக்காக இல்லை, மாமனார் போட்ட தறி குழியில் இருக்கிறது, அதை எடுத்தால் வீடே இடிந்துவிடும் என்பார்.

"ஏ பவி, நாளைக்கு எனக்குப் பாவு. எங்க போடறது, உன்ற தலையிலயா?"

"நாளைக்கு அங்க விழா அத்தை."

"உழா அவிங்களுக்கு. பாவு எனக்கு. சங்கத்துல தேதி சொல்லிப்போட்டேன், இனி மாத்துனா அந்த மேனேசரு மூஞ்சியக் காட்டுவான்."

"கல்லு இல்லையே. எதுல கட்டுவீங்க?"

"இக்கட்டால வேப்பமரம். அக்கட்டால அந்தப் போர் லாரி நிக்குதில்ல, அதோட பம்பரு. மாசக்கணக்கா அங்கயேதான படுத்துக் கெடக்குது, ஒரு வேலையாவது செய்யட்டும்."

அந்த லாரி தலைவருடைய மச்சானுடையது. பார்க்கிங் இல்லை, வளாகம் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்கிற குடும்பம் எங்கள் பாவடியில்தான் ஓசியில் வண்டி நிறுத்தியிருந்தது.

போனைக் கீழே வைத்தேன். "அத்தை, எத்தனை மணிக்கு நீட்டுவீங்க?"

"கருக்கல்லயே. ஏன், நீ கஞ்சி ஊத்த வாரயா?"

"வாரேன்" என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "துப்பட்டாவ ஊட்டுலயே வெச்சுட்டு வா" என்றார்.

தெருவே எழுந்துவந்து கைகொடுத்ததில், விடிந்தபோது பாவடியின் தெருப் பக்க வாயை அடைத்துக்கொண்டு பாவு நீண்டிருந்தது. அரக்குச் சிவப்பு. வேப்பமரம் ஒரு சுவரோடு ஒட்டி, லாரி மறுசுவரோடு ஒட்டி, மேடைக்குச் சுற்றிப்போக வேறு வழி கிடையாது. நடுவில் மூங்கில் கவட்டைகள் முட்டுக் கொடுத்திருந்தன. புளித்த கஞ்சி வாடை. என் முழங்கை வரை பிசுபிசுப்பு. பாவுக்கு அந்தப் பக்கம் மேடை, மைக் செட், கல். இந்தப் பக்கம் வெள்ளைக் கார்.

தலைவர் இறங்கினார். பின்னால் மச்சான், சால்வைத் தட்டோடு நாலைந்து பேர், புதிதாக வந்த பொறியாளர் ஒருவர். பாவுக்கு ஒரு அடி முன்னால் தலைவரின் கால் தானாக நின்றது.

"ஏனுங்க சரசக்கா, இன்னைக்குப் போயி..."

"தெனமுமா போடறேன் சாமி? இன்னைக்குத்தான் அமைஞ்சுது."

"சித்த ஓரமா நகத்திக்கலாமுங்களா?"

"ஈரப் பாவ நகத்துனா ஒட்டிக்கும். உங்கம்மாகிட்டக் கேளு, சொல்லும்."

"காய எவ்வளவு நேரமுங்க ஆவும்?"

"வெய்யல் வரோணும்ல. அதுக்கும் ஒரு தீர்மானம் போடு, வெரசா வரும்."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் கஞ்சி பூசுகிற பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு பாவைப் பார்த்தேன். தலைவர் மச்சானிடம் திரும்பி, லாரியை எடுக்கச் சொன்னார்.

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "லாரிய எடுத்தா பாவு அறுந்துருமுங்க மாமா. பொம்பள பாவம்."

அந்தப் பொறியாளர் ஆத்தூருக்கும் அந்தப் பக்கத்து ஆள். அவருக்கு இதெல்லாம் என்னவென்றே புரியவில்லை. "இன்னா சார் இது, தாண்டிப் போய்டலாம்" என்று பேன்ட்டை லேசாகத் தூக்கிக் காலை எடுத்தார்.

அவருடைய சட்டைக் காலரைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தது தலைவர்தான். "டேய், தாண்டாத."

யாரையும் அவர் டேய் என்று சொல்லி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காலரை விட்டு, சட்டையை நீவிக் கொடுத்தார்.  மைக் செட்டில் சாமி பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் சித்தன் மாமா வந்தார். ஒரு கையில் பிளாஸ்டிக் நாற்காலி, மறுகையில் டீ டம்ளர்.

"உக்காருங்க, உக்காருங்க. வந்தவிங்கள நிக்க வெச்சா எப்புடி." தலைவருக்கு நாற்காலியைப் போட்டார். அத்தையிடம் திரும்பினார். "ஏஞ் சரசு, பாவம், அவிங்களுக்கு நேரமாவுதாமா. ஈரமா இருந்தாலும் செரி, சுருட்டிப்போட்டு மறுக்கா நீட்டிக்கலாமா? ஒறம்பரை நிக்கறாங்க."

எனக்கு வந்த கோபத்தை எழுத இந்த வார இதழில் பக்கம் போதாது. ஒரு தெரு மொத்தமும் விடியற்காலையில் எழுந்து கட்டிய வேலியை இந்த மனுஷன் ஒரு டம்ளர் டீயால் திறந்துவிடப் பார்க்கிறார்.

"மாமா, சும்மா இருங்க."

"இல்ல கண்ணு, மரியாத..."

"மரியாத பண்ணித்தான் கல்லு போச்சு. இப்ப மண்ணும் போகட்டுமா? நாளைக்கு நீங்க செத்தா எங்க மாமா கிடத்தறது? இவர் கட்டற கடையில, மொபைல் கவர் விக்கற ஸ்டாலுக்குப் பக்கத்துலயா?"

சொல்லக்கூடாத வார்த்தை. பெரியவரைப் பார்த்து, காலை நேரத்தில், ஊருக்கு முன்னால். என் அம்மா எங்கேயோ பின்னால் "அடி இவளே" என்றது கேட்டது. நான் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, இப்போதும் எடுத்துக்கொள்ளமாட்டேன்.

மாமா டம்ளரோடு நின்றார். மேடையைப் பார்த்தார். மேடை போட்டிருந்த இடம்தான் அவருடைய அம்மாவையும் தம்பியையும் கிடத்திய இடம். அத்தை கஞ்சிப் பானையிலிருந்து நிமிராமலே, "நிக்கட்டும் உடுங்க மாமா, கால் இருக்குதில்ல" என்றார்.

மாமா தலைவரைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். பிறகு அந்த டீயைத் தானே குடித்தார். மெதுவாக, கடைசிச் சொட்டு வரைக்கும், விருந்தாளிக்கு எதிரிலேயே. குடித்துவிட்டுத் தலைவருக்குப் போட்ட நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. வெயில் வந்தது. பாவு காய்ந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல். மச்சான் வாட்சைப் பார்த்துத் தலைவர் காதில் ஏதோ சொன்னார். ராகு காலம் தொடங்கிவிட்டது.

தலைவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டார். "இன்னொரு நாள் வெச்சுக்கலாமுங்க." போகும்போது என்னிடம், "நல்லாப் பண்றீங்க அம்மிணி" என்றார். வாழ்த்தா, மிரட்டலா என்று இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் அவரிடம் ஒரே குரல்தான்.

தேதிக்கு விட்ட இடம்

ஜெயித்துவிட்டோம் என்று யாரும் மெசேஜ் அனுப்ப வேண்டாம். தீர்மானம் இன்னும் உயிரோடு இருக்கிறது. ரிப்போர்ட்டில் பாவடி இன்னும் காலியிடம். வக்கீல் பிடித்தாயிற்று, கோர்ட்டில் வாய்தா வாங்கி வாங்கி நிற்கிறது. இன்னொரு திங்கட்கிழமை வரும், அன்றைக்கு அத்தைக்குப் பாவு இருக்காது.

ஆனால் அன்று மத்தியானமே மாமா ஆட்களைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனார். கடப்பாரை போட்டுப் பழைய குழிகளிலேயே கற்களை நட்டார்கள். ஆக்கிரமிப்பு என்று கேஸ் வரும் மாமா என்றேன்.

"வரட்டும் கண்ணு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "கேசு போட வாரவிங்களுக்கு டீ குடுக்கலாமா?"

"கூடாது."

"செரி" என்றார், சுரத்தே இல்லாமல்.

மிச்சம் இருந்தது அந்தக் கருப்புக் கல். பந்தல்காரர்கள் மேடையைப் பிரித்துக்கொண்டு போனார்கள், கல்லை யாரும் எடுக்கவில்லை. மேடை இருந்த இடத்தில் என் பெயர் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. பையன்கள் ஸ்டம்பாக வைத்தார்கள். உடைத்துப்போடலாம் என்றார் அம்மா.

என்னால் முடியவில்லை. எழுத்து வெட்டிய கல்லை உடைக்காதீர்கள் என்று தோட்டம் தோட்டமாகப் போய்ச் சண்டை போட்டவள் நான். பொய்யை வெட்டிய கல்லும் கல்வெட்டுத்தான். ரொம்ப காலம் கழித்து என்னைப்போல ஒரு கிறுக்கி மண்டிபோட்டுப் படிப்பாள், பவித்ரா எம்.ஏ. முன்னிலையில் பாவடியைப் பிடுங்கினார்கள் என்று நோட்ஸ் எடுப்பாள். அதை நினைத்தால்தான் தூக்கம் போனது.

கல்லை வெட்டிய ஆளுக்கு நாமக்கல் ரோட்டில் கடை. போன் செய்து வரவழைத்தேன். உளியும் மெஷினுமாக டி.வி.எஸ்ஸில் வந்தார். தான் வெட்டிய கல்லைத் தடவிப் பார்த்து, "பாலிஷ் அப்புடியே நிக்குதுங்க" என்று திருப்திப்பட்டார்.

எழுதி வைத்திருந்த வாசகத்தைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"இது யாரு மேலங்க?"

"செய்யறவங்க மேல."

"அப்ப எனக்கு வராதுங்களே?"

"உங்களுக்கு வராது. வெட்டுங்க."

கல்லைச் சாய்த்துப் பார்த்தார். "எடம் கம்மியா இருக்குதுங்க. கடைசீல தேதிக்குன்னு உட்ட எடம் ஒண்ணுதான் இருக்குது. அதுல வெட்டிப்புட்டா அப்புறம் தேதியே போட முடியாதுங்க."

"அங்கயே வெட்டுங்க" என்றேன்.

வெட்டினார். தங்கக் கலர் மிச்சமில்லை என்று வெள்ளை அடித்தார். இப்போது பாவுக்கற்களின் வரிசையில் அதுவும் நடப்பட்டு நிற்கிறது. வருகிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம். "முன்னிலை: கு. பவித்ரா, எம்.ஏ.," என்பதற்குக் கீழே இப்படி இருக்கிறது:

மேற்படியாள் இதற்கு ஒப்பவில்லை. இந்தப் பாவடியை எடுத்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான்.